அழிச்சாச்சி மாமா

மானிட்டர் முதல் தடவை கண் சிமிட்டியதைச் சேரன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சிதம்பரம் மேலவீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஒரு மேசையும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளும் போட்டால் மிச்சம் நடக்கத்தான் இடமிருக்கும் என்கிற கடை அவனுடையது. கல்யாணம், காதுகுத்து, கட்சிக்காரர் வரவேற்பு, கண்ணீர் அஞ்சலி என்று சுற்றுவட்டாரத்தில் கட்டுகிற ஃபிளெக்ஸ் பேனர்களில் பாதி அந்த மேசையில்தான் உருவாகின்றன. நாளெல்லாம் திரையையே பார்க்கிறவனுக்குக் கண் அசந்துபோவது புதிதா என்ன? தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

இரண்டாவது தடவை திரை முழுசாகக் கறுத்துப்போனது. ஒரு பெருமூச்சு விடும் நேரம் அப்படியே கிடந்துவிட்டுத் திரும்பி வந்தது. அப்போது அவன் செய்துகொண்டிருந்தது முத்தம்மாள் என்ற ஓய்வுபெற்ற நர்ஸம்மாவுக்கான அஞ்சலி பேனர். வெளிச்சம் வந்தபோது அந்த அம்மாவின் தோளில் கிடந்த மாலை கொஞ்சம் இடப்பக்கம் சரிந்திருந்தது. மவுஸ் இடித்திருக்கும் என்று அவனே சொல்லிக்கொண்டு, மாலையை இழுத்துச் சரியாகப் போட்டான்.

அதற்குப் பிறகு அது தினம் நடந்தது. கேபிளைப் பிடுங்கி ஊதி மறுபடி செருகினான். திருகாணிகளை இறுக்கினான். புது கேபிள் வாங்கிப் போட்டான். யூபிஎஸ்ஸை விட்டுவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் மாட்டிப் பார்த்தான், பிறகு பழையபடி மாட்டினான். எதற்கும் அசையவில்லை. கடைசியில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் பாலகுமாரைக் கூப்பிட்டான். பாலகுமார் அவனோடு படித்தவன், வாய் ஓயாதவன். பெட்டியைத் திறந்து, ரேமைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டி, கிராபிக்ஸ் கார்டை மாற்றி, செட்டிங்கில் என்னென்னவோ குறைத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு, மானிட்டரைக் கையோடு கடலூருக்கு எடுத்துப்போனான். போகும்போது பதிலுக்கு வேறொரு மானிட்டரை வைத்துவிட்டுப் போனான். அன்றைக்குச் சாயங்காலமே அந்த மானிட்டரும் கறுத்தது.

“மச்சான், உன் மானிட்டர் என் கடையில ஒரு வாரமா ஓடுது. ஒரு தடவகூட கண்ண மூடல,” என்று போனில் சிரித்தான் பாலகுமார். “உன் மூஞ்சியப் பாத்துதான் மயக்கம் போடுது போல.”

“விளையாடாதடா. பொழப்பு நாறுது இங்க.”

“சரி, ஒண்ணு சொல்லு. எந்த ஃபைல தொறந்தா இப்டி ஆவுது? எல்லாத்துக்குமா, இல்ல ஒண்ணுக்கு மட்டுமா?”

“எல்லாத்துக்கும்தான்,” என்றான் சேரன்.

அது பொய். கல்யாண பேனர் செய்யும்போது மானிட்டர் கல் மாதிரி நின்றது. காதுகுத்துக்கு நின்றது. ‘அஞ்சலி புதுசு’ என்று பெயர் வைத்த அந்த ஒரே ஒரு ஃபைலைத் திறந்தால்தான் துடிக்க ஆரம்பித்தது. அது ஏன் என்பதும் சேரனுக்குத் தெரியும்.

போன வருஷம் குமராட்சிப் பக்கத்தில் வைத்திலிங்கம் என்ற பெரியவர் இறந்துபோனார். அஞ்சலி பேனருக்காக வீட்டார் அனுப்பிய படத்தில் அண்ணனும் தம்பியும் தோளில் கைபோட்டு நின்றார்கள். அவசரத்தில் சேரன் வெட்டி எடுத்தது தம்பி தேவநாதனை. மாலை போட்டு, மூலையில் குத்துவிளக்கு வைத்து, ‘மறைவு’ என்று தேதியும் போட்டு, பேனர் விடிவதற்குள் பஸ் நிறுத்தத்தில் ஏறிவிட்டது. அண்ணனின் சாவுக்கு வெளியூரிலிருந்து ஓடிவந்த தேவநாதன் மினிபஸ்ஸிலிருந்து இறங்கித் தலையைத் தூக்கினால், எதிரே அவரே மாலையோடு நிற்கிறார்.

காரியமெல்லாம் முடிந்தபிறகு அவர் கடைக்கு வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று சேரன் எழுந்து நின்றுவிட்டான். அவரோ டீ வாங்கிவரச் சொல்லி அவனுக்கும் ஒன்று கொடுத்தார். குடையை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் ஊன்றிக்கொண்டு, வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“கோவத்துல வரல தம்பி. மனுசன்னா தப்பு வரத்தான் செய்யும். பேனரக் கழட்டிட்டாங்க. ஆனா இந்தக் கம்ப்யூட்டருக்குள்ள நான் இன்னும் மாலையோட நிக்கிறனாமே. அத மட்டும் அழிச்சிடு. பொண்ணு கல்யாணம் வச்சிருக்கேன், மனசுக்கு ஒருமாதிரி இருக்கு.”

சேரன் மவுஸை நகர்த்தி, திரையில் அந்தப் படத்தை மூடினான். “அழிச்சாச்சி மாமா,” என்றான்.

அழிக்கவில்லை. அந்த மாலையின் நிழல் தோளில் விழுந்திருந்த அழகு அவனுக்கு அதற்கு முன் ஒருநாளும் கைகூடியதில்லை. போட்டோஷாப்பில் படங்கள் தாள்மேல் தாளாக அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கண் அடையாளம் உண்டு. அதை மூடினால் அந்தப் படம் மறையும், ஆனால் போகாது. தேவநாதனின் முகத்தை அப்படி மறைத்துவிட்டு, அந்த ஃபைலுக்கு ‘அஞ்சலி புதுசு’ என்று பெயரும் வைத்து, அவருக்கு மேலேயே செத்தவர்களின் முகங்களை ஒட்டி ஒட்டி ஊரெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தான். யாருக்குத் தெரியப்போகிறது என்ற நினைப்புதான்.

தை அறுவடையின்போது தேவநாதன் வயலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்தார். பெண்ணின் கல்யாணம் பாக்கி இருந்தது. அவர் மச்சான் கதிர்வேல்தான் அழுத கண்ணோடு கடைக்கு வந்தார், கையில் நல்ல படம் ஒன்றும் இல்லை என்றார். என்னிடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டான் சேரன். மூடியிருந்த கண் அடையாளத்தைத் திறந்தான். தேவநாதன் மாலையோடு வந்து நின்றார். பெயரையும் தேதிகளையும் மட்டும் மாற்றினான்.

“அதுக்குள்ள முடிச்சிட்டீங்களா?” என்றார் கதிர்வேல். “ரெடியா வச்சிருந்த மாதிரி இருக்கே தம்பி.”

பாவி, பாவி என்று அன்றைக்கு முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டான். சோறு இறங்கவில்லை. அப்போதாவது அந்த ஃபைலை அழித்திருக்கலாம். மறுநாள் வேறொரு சாவு வந்தது. அதே ஃபைலைத்தான் திறந்தான்.

கார்த்திகை மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம், சாரல் உள்ளே அடிக்கிறதென்று ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தான். மகள் கயல்விழி போன் செய்தாள். மாவட்டச் சிலம்பப் போட்டியில் முதலாவதாக வந்திருக்கிறாள். தெருப் பிள்ளைகள் சேர்ந்து அவளுக்குப் பேனர் கட்டப்போகிறார்கள்.

“அப்பா, போட்டோ வந்துச்சா? பல்லு தெரியுதே, பரவால்லியா?”

“பல்லு தெரிஞ்சாத்தாண்டி நீ. அம்மாகிட்ட சொல்லு, முடிச்சிட்டு வரேன்.”

புது ஃபைல் திறந்தான். அஞ்சலி ஃபைல் இருந்த பக்கமே போகவில்லை. மஞ்சள் பின்னணி போட்டு, தோளில் கம்போடு சிரிக்கிற மகளை நடுவில் நிறுத்தினான். தகரக் கூரையில் மழை ஒரே சீராகக் கொட்டியது, எதிர்ப்பக்கக் கடையில் காப்பிக்கொட்டை வறுபடும் வாசனை ஈரக்காற்றில் தவழ்ந்து வந்தது, புது ஃபிளெக்ஸ் சுருள்களின் பிளாஸ்டிக் நெடியும் அதோடு கலந்தது, மானிட்டர் ஒரு துடிப்பும் இல்லாமல் நின்றது, சேரனுக்கு எத்தனையோ நாளைக்குப் பிறகு வாயில் பாட்டுகூட வந்தது. ‘வாழ்த்துகிறோம்’ என்று தட்டிக்கொண்டிருந்தான்.

திரை துடித்தது.

இது அஞ்சலி இல்லையே என்று நினைப்பதற்குள் கறுத்துவிட்டது. கறுத்த கண்ணாடியில் கடை தெரிந்தது. பாதி ஷட்டர், தெருவிளக்கு, அவன் முகம், அவனுக்குப் பின்னால் வாடிக்கையாளர் நாற்காலி. நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். முழங்கால்களுக்கு நடுவில் குடை. அவசரமே இல்லாதவராக, தன் வேலை முடியட்டும் என்று காத்திருக்கிற மாதிரி.

சேரன் திரும்பினான். நாற்காலி காலியாக இருந்தது. கீழே தரையில், குடை ஊன்றுகிற இடத்தில், கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்தது. சாரல்தான் என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தான்.

திரை வந்தது. மஞ்சள் இல்லை. மகளுக்குப் பின்னால் சாம்பல் நிறம். மூலையில் குத்துவிளக்கு.

“ஐயோ!”

கத்திவிட்டு, எதையும் சேமிக்காமல் மூடினான். ‘அஞ்சலி புதுசு’ எங்கே இருக்கிறது என்று தேடிப்பிடித்தான். “அழிச்சிடுறேன் மாமா. இதோ, இப்பவே அழிச்சிடுறேன். எம்பொண்ணு மாமா. அவள விட்டுடுங்க. தப்பு பண்ணுனவன் நான்.” நிரந்தரமாக நீக்கவா என்று திரை கேட்டது. ஆமாம் என்று அழுத்தினான். போய்விட்டது. மறுபடி தேடினான். கிடைக்கவில்லை. பேனருக்குப் பேனர் சேமித்து வைத்திருந்த நகல்களையும் ஒன்று விடாமல் அழித்தான். மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதான். இவ்வளவுதானே, இதைத்தானே அந்த மனுஷன் கேட்டார் என்று நினைக்க நினைக்க அழுகை நிற்கவில்லை.

பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி கிறீச்சிட்டது.

திரை கறுத்தது. காப்பி வாசனை போய்விட்டது. சம்பங்கி வாசனை. ஈரச் சம்பங்கியும் ஊதுபத்தியும், சாவு வீட்டு வாசலில் அடிக்கிற மாதிரி.

டக். டக்.

யாரோ கீபோர்டில் தட்டுகிறார்கள்.

திரை ஒரு கணம் எரிந்தது. கயல்விழி. மாலையோடு. அந்த நிழல் அவள் தோளில் அத்தனை அழகாக விழுந்திருந்தது. கீழே ‘தோற்றம்’. அவள் பிறந்த தேதி. சரியான தேதி. கறுத்தது.

டக். டக். டக்.

எரிந்தது. ‘மறைவு’. பக்கத்தில் ஏதோ எண். படிப்பதற்குள் கறுத்தது.

பிளக்கைப் பிடுங்கினான். யூபிஎஸ் கத்தியது. அதையும் அணைத்தான். பெட்டிக்குள் சுற்றிய விசிறி ஓய்ந்தது. கடை மொத்தமும் இருட்டு. மழை மட்டும்.

டக். டக்.

“வேணாம் மாமா!”

இருட்டில் கீபோர்டின் மேல் இடது கையை நீட்டினான். தட்டுகிற கை அகப்பட்டது. சூடான கை. மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தான். நகத்தால் கீறினான். வலித்தது. அவனுக்கு வலித்தது. அது அவனுடைய வலது கை.

இழுத்தான். வரவில்லை.

மின்சாரமே இல்லாத மானிட்டர் எரிந்தது. இந்தத் தடவை துடிக்கவில்லை. நல்ல, நிலையான வெளிச்சம், மூடிய இமைகளுக்குள்ளும் சிவப்பாகத் தெரிந்தது. தேதி இப்போது முழுசாக இருக்கும். பார்த்தால் என்றைக்கு என்று தெரிந்துவிடும். கண்ணைத் திறக்க முடியவில்லை. மேசையில் போன் அதிர ஆரம்பித்தது. கயல்விழியாகத்தான் இருக்கும்.

கை நிற்கவில்லை. தேதியை முடித்துவிட்டுப் பேனரின் கடைசி வரிக்குப் போயிருந்தது. பார்க்காமலே விரல்களுக்கு எழுத்து தெரியும். ‘கண்ணீருடன்’ என்று அடித்தது. இடைவெளி விட்டது. பிறகு நிதானமாக, பிழையில்லாமல், ‘அப்பா’ என்று அடித்தது.