இருபத்திரண்டு பேர் சேர்ந்து செய்த பேருந்து

பேருந்து இந்த முறையும் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. முன்சக்கரங்கள் கிடுகிடுவென்று ஆடின. லேப்டாப் திரை அப்படியே உறைந்தது. பிறகு விளையாட்டு தானாகவே மூடிக்கொண்டது.

செவ்வந்தி உதட்டைக் கடித்துக்கொண்டாள். அழுதால் தம்பிக்குக் கேட்டுவிடும்.

"விட்டுரு, அக்கா. அது ஓடாது," என்றான் மருதுபாண்டி. கட்டிலில் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்திருந்தான். வலது காலில் தொடைவரைக்கும் மாவுக்கட்டு.

எட்டு வயதுப் பையன் பேசுகிற பேச்சா இது? ஆனால் அவனைக் குறை சொல்ல முடியாது. நாளைக்கு ஆடி அமாவாசை. கடலாடிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன ஊரே ஒரு பேருந்தை வாடகைக்குப் பிடித்து ராமேஸ்வரம் போகிறது. போன வருஷம் மருதுவுக்கு அம்மை போட்டிருந்தது. இந்த வருஷம் கால் ஒடிந்துவிட்டது. பாம்பன் பாலத்தை அவன் இன்னும் பார்த்ததே இல்லை.

அவன் நாவல் மரத்திலிருந்து விழுந்தது எல்லோருக்கும் தெரியும். "ஏலே, இன்னும் ஒரே ஒரு கிளை ஏறு, அங்கனதான் நல்ல பழம் இருக்கு" என்று கீழே நின்று ஏவியது யார் என்பது இரண்டு பேருக்குத்தான் தெரியும். மருது இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட செவ்வந்திக்குப் பாரம் குறைந்திருக்கும்.

அதனால்தான் இந்தப் பேருந்து விளையாட்டு. சித்தப்பா மகள் உமாமகேஸ்வரியின் பழைய லேப்டாப்பில் அது இருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் ராமநாதபுரம் சாலைகளையும் பாம்பன் பாலத்தையும் அதற்கென்று செய்து இணையத்தில் போட்டிருந்தார். இப்படி விளையாட்டில் இல்லாததை வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்ப்பதற்கு மோட் என்று பெயர். காலை ஆறு மணிக்கு ஊர்ப் பேருந்து கிளம்பும்போது, மருதுவும் வீட்டிலிருந்தே பேருந்தைக் கிளப்புவதாகத் திட்டம்.

ஊர்ப் பேருந்து என்றால் எல்லா வீட்டுக்கும் பங்கு வேண்டும். பொங்கல் வைத்தாலும் கிடா வெட்டினாலும் ஒரு வீடு விடுபட்டால் அந்த ஊரில் பெரிய பேச்சாகிவிடும். பிள்ளைகள் மட்டும் விட்டுவிடுவார்களா? ஒருத்தி கண்ணாடிக்கு மாலை போட்டாள். ஒருவன் ஏர் ஹாரன் வைத்தான். ஒருவன் பின்பக்கம் தன் பெயரை எழுதினான். இருபத்திரண்டு பிள்ளைகள், இருபத்திரண்டு மோட். செவ்வந்தியின் வகுப்புத் தோழன் ஹமீது சுல்தான் எல்லாவற்றையும் பதிவிறக்கி பென் டிரைவில் கொண்டுவந்தான். கோப்புகளின் பெயர்கள் வாயில் நுழையாதவை. செவ்வந்தி ஒவ்வொன்றுக்கும் கொடுத்தவர் பெயரையே வைத்தாள்.

யாரும் விடுபடவில்லை. வண்டிதான் நகரவில்லை.

மூன்று மணிக்கு ஹமீது வந்தான்.

"மொத்தத்தையும் அழிச்சிட்டு முதல்லேர்ந்து போட்டுப் பாப்பமா?"

"அழிச்சா, அவன் பன்னெண்டு நாளா ஓட்டுனதும் போயிருமே!"

அவ்வளவு நாள் ஓட்டிய பிறகுதான் பாம்பன் வழித்தடம் மருதுவுக்குத் திறந்திருந்தது. செவ்வந்தி முதலில் அந்தச் சேமிப்பைப் பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்து வைத்தாள். பிறகு இருபத்திரண்டு மோடையும் வெட்டி வேறொரு ஃபோல்டரில் ஒட்டினாள்.

விளையாட்டு ஓடியது!

"மருது, இங்கன பாருலே!"

அவன் திரும்பிப் பார்த்தான். வெள்ளை வெளேரென்று ஒரு பேருந்து. மாலை இல்லை, பெயர் இல்லை, ஹாரன்கூட ஈனசுரத்தில் முனகியது.

"இது நம்ம ஊரு பஸ் இல்ல," என்று சொல்லிவிட்டு மறுபடியும் சுவரைப் பார்த்தான்.

"அப்ப விளையாட்டு நல்லாத்தான் இருக்கு. ஏதோ ஒரு மோடுதான் கெட்டது," என்றான் ஹமீது. "பாதி பாதியாப் போட்டுப் பாரு. எந்தப் பாதியப் போட்டா நின்னு போகுதோ, அதுக்குள்ளதான் இருக்கும்."

முதலில் பதினொன்றைப் போட்டார்கள்; ஹமீது ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு ஃபோல்டரைக் காலி செய்துகொண்டான். ஓடியது. அப்படியானால் திருடன் அடுத்த பதினொன்றில்தான் இருக்க வேண்டும். அதைப் போட்டார்கள். அதுவும் ஓடியது! இரண்டையும் சேர்த்துப் போட்டார்கள். சக்கரங்கள் ஆடின, திரை உறைந்தது, விளையாட்டு மூடிக்கொண்டது.

ஹமீது தலையைச் சொறிந்தான். "எனக்கும் புரியல செவ்வந்தி. நான் வாரேன், வாப்பா தேடுவாங்க."

அவன் போன பிறகு வீடு ரொம்ப அமைதியாக இருந்தது. அம்மா கொண்டுவந்த தோசையை மருது தொடவில்லை. "பசிக்கல," என்றான். தெருவில் பிள்ளைகள் நாளைய பயணத்துக்கு இப்போதே கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். செவ்வந்திக்கு அந்தச் சத்தமே பிடிக்கவில்லை. தம்பி காலையும் ஒடித்துவிட்டு, இதையும் கெடுத்துவிட்டேனே என்று நொந்துகொண்டாள்.

"சன்னல் சீட்டு எனக்குத்தான்!"

"ஒனக்கில்ல, எனக்கு!"

தெருவில் இரண்டு வாண்டுகள் இன்னும் வராத பேருந்துக்கு இடம் பிடித்துச் சண்டை போட்டன. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் பரம சாது.

செவ்வந்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள். இருபத்திரண்டில் எதுவுமே கெட்டது இல்லையோ? ஒரே இடத்துக்கு இரண்டு பேர் அடித்துக்கொண்டால்?

நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஓடினாள். "நீ குடுத்தது என்ன? பஸ்ல அது எங்க இருக்கும்?" மாலை, கண்ணாடியில். ஹாரன், மேலே. பெயர், பின்னால். கடைசியாக மருதுவின் கூட்டாளி முனீஸ்வரன் வீடு.

"நான் எலுமிச்சம்பழம் வச்சேன். முன்சக்கரத்துக்கு அடியில," என்றான் அவன்.

செவ்வந்தியின் பேனா நின்றது. "எலுமிச்சம்பழமா?"

"பின்ன? எலுமிச்சம்பழம் வைக்காம எவனாச்சும் வண்டிய எடுப்பானா?"

அதையேதான் செவ்வந்தியும் நினைத்திருந்தாள். காரணத்தை யாரிடமும் சொல்லாமல் அவள் சேர்த்த மோடும் எலுமிச்சம்பழம்தான். அதே முன்சக்கரத்துக்கு அடியில். தம்பிக்கு இனிமேல் எதுவும் ஆகக்கூடாது என்று வேண்டிக்கொண்டு வைத்தது. ஒரு பழம் இருந்த இடத்தில் இன்னொரு பழம் போய் உட்கார, எதை நசுக்குவது என்று தெரியாமல் பேருந்து திணறியிருக்கிறது.

"என்னோடத எடுத்துருவியாக்கா?" இரண்டு பழம் கதையைக் கேட்டதும் முனீஸ்வரன் முகம் சுருங்கியது. "அன்னிக்கி மருது என்னையும் பழம் பறிக்கக் கூப்பிட்டான். நான் போகல. போயிருந்தா புடிச்சிருப்பேன்ல?"

செவ்வந்தி நோட்டை மூடினாள். இந்தப் பொடியனும் இத்தனை நாளாக இதைச் சுமந்துகொண்டு திரிகிறானா?

"ஒன்னோடது இருக்கும்லே. நான் பாத்துக்கறேன்."

வீட்டுக்கு வந்து தன் பெயர் போட்ட கோப்பை நீக்கினாள். நீக்க மனசு வரவில்லைதான். ஆனாலும் நீக்கினாள். விளையாட்டைத் திறந்தாள்.

சக்கரங்கள் ஆடின. திரை உறைந்தது.

இனி என்ன செய்ய? அம்மாவின் போனில் ஹமீதின் வாப்பாவைக் கூப்பிட்டாள். வாப்பா போனை மகனிடம் கொடுத்தார். விஷயத்தைக் கேட்டதும் ஹமீது கத்தினான்.

"மோட எடுத்தாப் போதாது! அதோட மிச்சம் டெம்ப்புன்னு ஒரு ஃபோல்டர்ல கெடக்கும். அப்ப நான் செஞ்ச மாதிரி அதையும் கூட்டித் தள்ளு!"

செவ்வந்தி தேடினாள். டெம்ப் ஃபோல்டரில் நீக்கிய மோடின் குப்பை கிடந்தது. சேமிப்பின் பிரதி பத்திரமாக இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டு, குப்பை அத்தனையையும் காலி செய்தாள். மறுபடி திறந்தாள்.

மாலை ஆடியது. ஏர் ஹாரன் வீடே அதிர அலறியது. முன்சக்கரம் ஒரே ஒரு பழத்தை நசுக்கிவிட்டு மெல்ல உருண்டது.

மருது திரையின் பக்கம் திரும்பிப் படுத்தான். நசுங்கிய பழத்தையே பார்த்தான். மறுபடி சுவர்ப் பக்கம் போகவில்லை.

விடிந்ததும் தெருவில் ஊர்ப் பேருந்து உறுமியது. செவ்வந்தியின் அய்யா வாசலில் நின்று மகளைக் கூப்பிட்டார். "செவ்வந்தி, கெளம்பலையா?"

"நான் இந்த பஸ்லதான்யா போறேன்," என்று சொல்லிவிட்டு அவள் கட்டிலில் தம்பி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஆறு மணிக்கு இரண்டு பேருந்துகளும் கிளம்பின. திரையில் கடலாடி கடந்து போனது, ராமநாதபுரம் கடந்து போனது. உச்சிப்புளி தாண்டியதும் செவ்வந்தி மெதுவாகச் சொன்னாள்.

"மருது, இதுல என்னோடது ஒண்ணுமே இல்லலே. எடுத்துட்டேன். அப்புறம்... அன்னிக்கி மரத்துல ஏறச் சொன்னதுக்கு என்னை நீ திட்டக்கூட இல்ல. எனக்கு அதுதான் ரொம்பக் கஷ்டமா இருக்கு."

அவன் சாலையைப் பார்த்தபடி ஓட்டிக்கொண்டிருந்தான். மண்டபம் வந்தது. பாலம் வந்தது. இரண்டு பக்கமும் நீலமாகக் கடல். மருது வேகத்தைக் குறைத்து, பாலம் முடியும்வரை மெதுவாகவே ஓட்டினான். செவ்வந்தி கடலைப் பார்க்கவில்லை, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராமேஸ்வரத்தில் அவன் பேருந்தை ஓரம் கட்டினான். கதவைத் திறந்தான்.

"ராமேஸ்வரம் வந்துருச்சு! எல்லாரும் எறங்குங்க!" என்று அடுப்படியில் இருந்த அம்மாவுக்கும் கேட்கும்படி கத்தினான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"நீ எறங்காதக்கா. திரும்பிப் போறப்ப எனக்குப் பேச்சுத் துணைக்கு ஆள் வேணும்."