நகராத விமானத்தின் சக்கரம்

படாரென்று திறந்தது விசாரணை அறைக் கதவு. உள்ளே பாய்ந்த பெண்ணுக்கு மூச்சிரைத்தது.

"என் வீட்டுக்காரர் குடிச்சிட்டு விழுந்தார்னு சொல்றாங்க சார்! இருமல் மருந்தையே வாடை பிடிக்கலைன்னு துப்புற மனுஷன். செத்தவர் மேல சேத்தையும் பூசணுமா?"

படைத்தளமே 'ஊமைக்கோட்டான்' என்று அழைக்கும் விசாரணை அதிகாரி தொப்பியை எடுத்தார். பின்னாலேயே ஓடினாள் சார்ஜெண்ட். அவளுக்கு வாய் ஓயாது. அந்தப் பெண்ணும் விடாமல் கூடவே வந்தாள்.

கொட்டகையில் நின்றது எச்சரிக்கை விமானம். எதிரி தொலைவில் வரும்போதே வானிலிருந்து கண்டு சொல்வது அதன் வேலை. அதன் முதுகில் ராட்சதத் தட்டு, அதற்குள் ரேடார். நேற்று பழுது பார்க்க அதன்மேல் ஏறிய மெக்கானிக், சிமெண்ட் தரையில் மண்டை உடைந்து செத்திருந்தான்.

"பறக்கும்போதுதான் தட்டு சுத்தும்," என்றார் தலைமை மெக்கானிக். இறந்தவனின் கூடப்பிறந்த அண்ணன். கண்ணில் ஈரப்பசை இல்லை. "சக்கரம் தரையில இருந்தா தானா பூட்டிக்கும். விமானம் ஒரு மாசமா நகரல. போதையில தவறிட்டான்."

"அப்போ விபத்துதான் சார்!" சார்ஜெண்ட் முந்திக்கொண்டாள்.

"ஏணி எங்கம்மா இருக்கு?" ஊமைக்கோட்டான் அவளைக் கேட்டார்.

"வால் பக்கம்."

"கருவிப் பையை இவங்க தட்டு விளிம்புல, ஏணிக்குப் பக்கத்துலதான் கட்டுவாங்க. பை எங்க?"

சார்ஜெண்ட் அண்ணாந்தாள். பை மூக்குப் பக்கம் தொங்கியது. "ஐயோ, தட்டு சுத்தியிருக்கு! ஆனா எப்படி?"

ஊமைக்கோட்டான் இடது சக்கரத்தருகே குந்தினார்.

"மாசக்கணக்கா நின்னா டயர் அடியில தட்டையாகும். மத்ததெல்லாம் அப்படித்தான் இருக்கு. இதுல மட்டும் தட்டையான இடம் பக்கவாட்டுல இருக்கு. ஜாக்கி வெச்சுத் தூக்கினப்போ உருண்டிருக்கு. தட்டோட பூட்டு இந்தச் சக்கரக் கால்லதான். கால் தொங்கினதும் விமானம் பறக்கிறதா நினைச்சுப் பூட்டு விட்டுடுச்சு." தலைமை மெக்கானிக்கை நிமிர்ந்து பார்த்தார். "உள்ளே தட்டைச் சுத்தவிடுற சுவிட்சுக்குச் சாவி உங்ககிட்ட மட்டும்தானே?"

தம்பியின் மனைவி அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். "ஏன் மாமா?"

"ரேடார் ஒரு பக்கம் குருடு. தெரிஞ்சேதான் பறக்க அனுமதிச்சேன். அந்தப் பக்கம் வந்த எதிரி தெரியாம மூணு பைலட் செத்துட்டாங்க. அதை மேலிடத்துல சொல்லியே தீருவேன்னான் தம்பி."

சார்ஜெண்ட் அவர் முன்னால் போய் நின்றாள். "கத்தியிருப்பாரே! உங்க காதுல விழலையா?"

"விழுந்துச்சு. 'அண்ணா, நிறுத்துண்ணா'ன்னு விளிம்பைப் பிடிச்சுத் தொங்கினான். கையை விடுற மாதிரி தெரியல. அதான் இன்னொரு சுத்து விட்டேன்."