அப்பா கால்தான்

மாலைப் பள்ளியின் வாசலைத் தாண்டி, காவலாளி சேதுராமனின் கண்ணுக்கு மறைந்த பிறகும் கருணாகரன் சைக்கிளை உருட்டியபடி நொண்டிக்கொண்டே நடந்தான். அதை அவனே கவனித்தபோது தெருவில் ஒருவரும் இல்லை. யாருக்காக நொண்டினோம்? பழக்கமாகிவிட்டது, அவ்வளவுதான் என்று சைக்கிளில் ஏறினான். ஈர மண்ணும் கருவாடும் கலந்து வந்த ஆற்றுக் காற்றில் எங்கிருந்தோ கோடாலித் தைலம் மணத்தது. இடது கால் மட்டும் பெடலுக்குக் கொஞ்சம் பிந்தி வந்தது.

அவனுக்கு இரண்டு காலும் நன்றாகவே இருந்தன. நொண்டியவர் அவன் அப்பா பொன்னுதுரை. இடது கால் சூம்பி, கணுக்காலில் பிறை போல ஒரு சூட்டுத் தழும்போடு, கையால் சுற்றும் மூன்று சக்கர வண்டியில் வந்து அதே பள்ளியில் கணக்கு எழுதினார். 'தெம்பாங்' என்று மலாயில் எழுதிய தகரத் தகடு ஒன்றைப் பள்ளியில் கொடுத்திருந்தார்கள். நொண்டி என்று பொருள். தகடு தொங்கும் வண்டியைப் படிக்கட்டின் அருகிலேயே நிறுத்தலாம். அங்கே ஒரே ஒரு வண்டிக்குத்தான் இடம். மற்றவர்கள் திடலுக்கு அப்பால் விட்டுவிட்டு நடந்து வரவேண்டும்.

மாசியில் அப்பா இறந்துபோனார். மலாயாவுக்கு மெர்டேக்கா, சுதந்திரம், வந்த வருடம் அது. அரசாங்க அலுவலகங்களில் தட்டெழுத்து தெரிந்தவர்களைத் தேடினார்கள். கடை வேலை முடிந்து, சைக்கிளைத் திடலுக்கு அப்பால் விட்டுவிட்டுக் கருணாகரன் ஓடி வருவதற்குள் தட்டெழுத்து வகுப்பின் கதவைச் சாத்திவிடுவார்கள். அதனால்தான் தகட்டை எடுத்துத் தன் சைக்கிளில் மாட்டினான்.

முதல் நாள், விளக்கு வைக்கிற நேரம்.

"என்னா தம்பி, அப்பா காலு ஒனக்கு வந்துருச்சா?" என்று சேதுராமன் கிண்டலாகக் கேட்டார்.

"ஆமாண்ணே. அப்பா கால்தான்."

சொன்ன பிறகுதான் என்ன நேரம் என்று உறைத்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் வேண்டாத பேச்சு பேசினால், அந்தப் பக்கம் போகிற தேவதை 'அப்படியே ஆகட்டும்' என்று சொல்லிவிடும் என்று அம்மா அஞ்சலை அதட்டுவாள். படித்தவன் இதையெல்லாம் நம்பலாமா என்று தன்னையே கேட்டுக்கொண்டான். கேட்டுக்கொண்டே, சேதுராமன் பார்க்க நொண்டி நடந்தான்.

பிறகு வகுப்பில் ருக்மணி என்ற பெண் சேர்ந்தாள். அவளுக்கு இரண்டு காலும் விளங்காது. அடைமழை பெய்த ஒரு மாலை, படிக்கட்டோரம் அவன் சைக்கிள் நின்றது. அவள் தன் வண்டியைத் திடலுக்கு அப்பால் விட்டுவிட்டு, சேற்றில் கைகளை ஊன்றி, உடம்பை இழுத்து இழுத்து வந்தாள். படியில் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"பரவால்லண்ணே. ஒங்களுக்கு என்னைவிட முடியல போல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அன்று அவன் அடித்த எழுத்தெல்லாம் பிழை. ஆனாலும் மறுநாள் சைக்கிளை அங்கேயேதான் நிறுத்தினான்.

அடுத்த வாரம் அவள் நாற்காலி காலியாக இருந்தது.

"மழையில நனைஞ்சு சளிக் காய்ச்சலாம். நேத்து அந்தப் புள்ள செத்துப்போயிருச்சு, பாவம்," என்றார் சேதுராமன். "இனிமே அந்த எடம் ஒனக்கேதான்."

அன்று அவன் வகுப்புக்குப் போகவில்லை. பாலத்தில் நின்று தகட்டைக் கழற்றி மலாக்கா ஆற்றில் வீசினான். அது மிதக்காமல் மூழ்கியது. நிம்மதியாக சைக்கிளில் ஏறப் போனான்.

இடது கால் எழவில்லை.

கிள்ளினான். வலிக்கவில்லை. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வீடு இருக்கும் காஜா பேராங் வரை நடந்தான். டக். சர்ர். டக். சர்ர். சின்ன வயதில் வாசலில் உட்கார்ந்து அவன் காத்திருந்த, அப்பாவின் நடைச் சத்தம். அப்பாவின் தைல வாசம் இப்போது அவன் மேலேயே அடித்தது.

வீட்டில் அம்மா விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"வந்துட்டீங்களா?"

அம்மா அவனை ஒரு நாளும் 'ங்க' போட்டுப் பேசியதில்லை.

"அம்மா, நான்தான்."

அவள் காதில் விழவில்லை. பலகையை இழுத்துப் போட்டாள். உட்கார வைத்தாள். எண்ணெயைக் காய்ச்சி எடுத்து வந்து, அவன் கால்சட்டையின் இடது பக்கத்தை மெல்லச் சுருட்டினாள்.

சூம்பிய கால். கணுக்காலில் பிறைத் தழும்பு.

"இன்னிக்கு என்னாங்க, இப்படிச் சில்லுன்னு இருக்கு?"

தேய்த்தாள். மேலே. கீழே. பழகிய கை.

அவன் கத்த நினைத்தான். அம்மா என்றுதான் வாயைத் திறந்தான்.

"அஞ்சல," என்றது அப்பாவின் குரல்.

அவள் நிமிர்ந்தாள். மாசிக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள்.