உள்ளேயிருந்து ஒரு பதில்

அன்று சாயங்காலம் அவர் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டுவிட்டார்.

அதுவரைக்கும் எல்லாம் வழக்கம்போலத்தான் நடந்தது. வெளிச்சம் மங்கியதும் கட்டிலை விட்டு எழுந்து, சுவரைத் தடவித் தடவி நடைவழிக்கு வந்து, மெயின் சுவிட்சின் இரும்புக் கைப்பிடியைக் கீழே இறக்கினார். ஃபேன் முனகிக்கொண்டே ஓய்ந்தது, பிரிட்ஜ் ஒருதரம் உதறி அடங்கியது, வீடு முழுக்க அவர் தேய்த்திருந்த தைலத்தின் நெடியும் அவருடைய மூச்சுச் சத்தமும் மட்டும் மிஞ்சின.

"மச்சான், வெளிய வந்துட்டியா?"

"வந்துட்டேன் மாமா" என்றாள் அவர் மனைவி, சமையலறையிலிருந்து.

வழக்கப்படி அவர் உடனே கைப்பிடியை ஏற்ற வேண்டும். ஏற்றவில்லை.

"அக்காகிட்ட சொல்லிட மாட்டியே?"

"மாட்டேன்" என்று எப்படியோ சொன்னாள். விளக்கு எரிந்தது. அவர் சமர்த்தாக வந்து சாப்பிட உட்கார்ந்தார்.

நாற்பது வருஷம் லிப்ட் மெக்கானிக்காக இருந்த மனிதர். பழுது பார்க்கும்போது மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஒருவர் மேலே சுவிட்சருகில் நிற்பார், இன்னொருவர் லிப்ட் ஓடும் குழிக்குள் இறங்குவார். உள்ளே போனவன் வெளியே வந்து, "வந்துட்டேன்" என்று தன் வாயால் சொன்ன பிறகுதான் மேலே இருப்பவர் கைப்பிடியைத் தொடலாம். அந்தத் தொழிலில் உயிர் அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது.

அவள் தம்பி அந்தக் குழிக்குள்தான் லிப்டில் நசுங்கிச் செத்தான்; அன்று மேலே கைப்பிடியை ஏற்றியவர் அவர். தாயில்லாப் பிள்ளை, இவள் தூக்கி வளர்த்தவன். இவள்தான் புருஷனிடம் கெஞ்சிக் கூத்தாடி அவனை உதவியாளாகச் சேர்த்துவிட்டாள். "வந்துட்டேன்னுதான் சொன்னான்மா, என் காதால கேட்டேன்" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதவரை யார் சந்தேகப்படுவார்கள்? வீட்டில் அவனுக்கு அவசரக்குடுக்கை என்றே பெயர். இருபத்தாறு வருஷமாக அவன் படத்துக்கு முன்னால் நின்று, "ஒரு நிமிஷம் பொறுத்தா என்னடா, பாவி?" என்று அவனைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள்.

மறதி முற்றி அவர் தினமும் அவனைக் கூப்பிடத் தொடங்கியபோது முதலில் அவரிடம் மல்லுக்கு நின்றாள். "அவன் செத்துட்டான்ங்க" என்று சொல்லும்போதெல்லாம் தட்டு பறந்தது. வாராவாரம் வரும் நர்ஸ்தான் வழி சொன்னாள்: மறுத்துப் பேசாதீங்கம்மா, அவர் எந்தக் காலத்துல நிக்கிறாரோ அங்கேயே நீங்களும் போய் நில்லுங்க. அப்படித்தான் தினமும் ஒரு நிமிஷம் இவள் தன் தம்பியானாள். அந்த ஒரு நிமிஷம் அவன் உயிரோடு வெளியே வந்துவிட்டதுபோல ஓர் அற்ப நிம்மதிகூட இருந்தது.

மறுநாள் அவருக்கு நகம் வெட்டிவிடும்போது, தலையை நிமிர்த்தாமல் கேட்டாள். "அக்காகிட்ட எதை மாமா சொல்லக் கூடாது?"

அவர் அவளைப் பரிவாகப் பார்த்தார். "அந்த வீட்ல நீ என்னைப் பார்த்ததை. அந்தப் புள்ள என்னை அப்பான்னு கூப்பிட்டதை."

நகவெட்டி நழுவியது. இவர்களுக்குப் பிள்ளை இல்லை. எனக்கு நீ போதும் என்று ஆயிரம் தரம் சொன்ன வாய் அது. இருந்தாலும் அந்தத் துரோகத்தைவிடப் பெரிய பயம் ஒன்று அதற்கும் அடியில் அசைந்தது, அதை நினைத்துப் பார்க்கவே அவளுக்குத் தைரியமில்லை. அன்றைக்கு என் தம்பி என்ன பதில் சொன்னான்?

மத்தியானம் நகரவே இல்லை. சொட்டுச் சொட்டாகக் குழாய் ஒழுகியது, ஜன்னல் கம்பிகளின் நிழல் தரையில் நீண்டு நீண்டு கட்டில் காலைத் தொட்டது, அவர் போர்வைக்குள் சின்னக் குழந்தைபோல மூச்சுவிட்டுத் தூங்கினார். பிறகு வெளிச்சம் மங்கியது. கட்டில் கிரீச்சிட்டது. விரல்கள் சுவரைத் தடவும் சத்தம். கைப்பிடி இறங்கியது.

இருட்டு.

"மச்சான், வெளிய வந்துட்டியா?"

வழக்கமான பதிலைச் சொல்லிவிட்டால் போதும், விளக்கு எரியும், சாப்பிடுவார், தூங்குவார். நாற்பத்தொரு வருஷத் தாம்பத்தியம் அப்படியே இருக்கும்.

"இன்னும் இல்ல மாமா" என்றாள். "உள்ளதான் இருக்கேன்."

கையை எடுங்க. அவள் மனசுக்குள் கும்பிட்டாள். எடுத்துடுங்க. இரு மச்சான்னு சொல்லுங்க. இன்னொருத்தி இருந்துட்டுப் போகட்டும். பிள்ளையும் இருந்துட்டுப் போகட்டும். கையை மட்டும் எடுங்க.

"சரி" என்றார்.

இரும்பு ஏறியது. கொஞ்சமும் தயங்காமல்.

வெளிச்சம் பளீரென்று வந்தது. அவர் தலையைச் சாய்த்து, குழிக்குள் கேட்பதுபோலக் காதைக் கீழ்நோக்கி வைத்து, பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நின்றார். ஒரு நிமிஷம். இன்னொரு நிமிஷம். பிறகு நிமிர்ந்தார். கண்கள் காய்ந்திருந்தன.

"வந்துட்டேன்னுதான் சொன்னான்மா."

திருப்தியில்லை. தலையை ஆட்டிக்கொண்டார். கையை நெஞ்சில் வைத்தார்.

"வந்துட்டேன்னுதான் சொன்னான்மா."

குரல் லேசாக உடைந்தது. பரவாயில்லை என்பதுபோலத் தொண்டையைச் செருமினார். மறுபடி. நெஞ்சில் ஓர் அடி. மறுபடி. நாலாவது தரம் அழுகை வந்துவிட்டது. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் அவள் தன் முந்தானையால் துடைத்துவிட்ட அதே அழுகை.

கன்னத்தில் கண்ணீர் வழிய, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, அவளைத் தேடிச் சமையலறைப் பக்கம் நடந்து வந்தார்.