மூச்சில்லாத குரல்

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. இங்கிலாந்தின் நார்ஃபக் கடற்கரைச் சாலையில் கடைசி வீடு அது. என் மனைவி ஹேசல் மடியில் எலுமிச்சைக் கேக் டப்பாவை வைத்துக்கொண்டு, வழிநெடுக டிவியில் வரும் ஒரு புதுத் தொடரைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

“கிளைவ், அந்தப் பையன் பேண்ட்டுக்குள்ள எறும்பு பூந்த மாதிரி நடக்குறான். அவன் கேப்டன் ஹாலமாம்!”

“நடைய விடு,” என்றேன். “எதுவும் வெடிக்காம ஒரு காட்சி வந்துச்சா அதுல?”

“நம்ம ஹாலம் ஒரு கப் டீய மேசையில வெக்கிற விதத்துலயே எதிராளிய நடுங்க வெச்சிடுவாரு.”

‘சாம்பல் வாசல்’ நாங்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில் வந்த உளவுத் தொடர். கறுப்பு வெள்ளை. கதவை ஓங்கிச் சாத்தினால் அட்டைச் சுவர் ஆடும். மைக்கின் நிழல் கதாநாயகியின் நெற்றியில் விழும். இருந்தாலும் சனிக்கிழமை சாயங்காலம் அது ஓடும்போது எங்கள் தெருவில் ஒரு குழந்தையைக்கூடப் பார்க்க முடியாது. காரணம், ஹாலமாக நடித்த எட்மண்ட் கெர்ஸ்லேக். நானும் ஹேசலும் முதன்முதலில் சந்தித்ததே அந்தத் தொடரின் ரசிகர் கூட்டத்தில்தான். பிற்காலத்தில் எட்மண்டே மனைவி ரோஸலிண்டோடு கூட்டத்துக்கு வருவார். எங்களோடு உட்கார்ந்து காய்ந்த சாண்ட்விச்சைத் தின்றபடி பழைய கதை பேசுவார்.

அவர் இறந்து சில வருடம் கழித்துத் தொடரைப் புதிதாக எடுத்தார்கள். உடம்பு யாரோ ஒரு பையனுடையது. அதன்மேல் எட்மண்டின் வாலிப முகத்தையும் குரலையும் கணினியில் செய்து ஒட்டியிருந்தார்கள். முதல் பகுதி முடிந்ததும் ஹேசல் அழுதேவிட்டாள்.

நாங்கள் புறப்பட்டதற்கு முந்தின வாரம் ரோஸலிண்ட் போன் செய்திருந்தார். “எட்மண்ட் குரல் உங்க ரெண்டு பேருக்கும் நல்லாத் தெரியும். வந்து கேட்டுச் சொல்லுங்க,” என்றார். எதைக் கேட்க வேண்டும் என்று சொல்லவில்லை.

கதவைத் திறந்த ரோஸலிண்டைப் பார்த்து நான் திடுக்கிட்டேன். அவ்வளவு இளைத்திருந்தார். கம்பளிக் கார்டிகனின் பொத்தான்களை மாற்றி மாற்றிப் போட்டிருந்தார். உதட்டில் விரலை வைத்தார்.

“மெதுவா பேசுங்க. மேல இருக்கு.”

கூடத்தில் குளிர்காயும் எரிவாயு அடுப்பு முணுமுணுத்துக்கொண்டிருந்தது. நடுப்பகலிலும் திரைகளை இழுத்து விட்டிருந்தார். ஈரக் கம்பளியின் வாடை. அதற்கடியில் பழைய மருந்து மிட்டாயின் வாடை. எட்மண்டின் சட்டைப்பையில் எப்போதும் இருப்பது.

“அந்தப் புதுத் தொடர் கம்பெனிக்காரங்க வந்து அவர் முகத்தையும் குரலையும் கேட்டாங்க,” என்றார் ரோஸலிண்ட். “நான் சரின்னுட்டேன். காசுக்காகன்னு நீங்க எல்லாரும் நெனச்சிருப்பீங்க.”

“ஐயோ, யாரும் அப்படி நெனக்கல,” என்றாள் ஹேசல். நினைத்திருந்தோம்.

“அவர் குரல இன்னொரு தடவ கேக்கணும்போல இருந்துச்சு ஹேசல். அவ்வளவுதான். வீடு ரொம்ப அமைதியா இருந்துச்சு.”

அவர் சொல்லி முடிக்கவில்லை. மாடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

“யாரும் அசையாதீங்க. இந்த ஆட்டம் என்னோடது.”

எட்மண்டின் குரல்தான். இளமையாக, வழவழப்பாக, ஒரு கீறல் இல்லாமல்.

ஹேசல் என் கையைப் பிடித்தாள்.

“புதுத் தொடர் வசனம்,” என்று முணுமுணுத்தாள். “ரோஸலிண்ட், மேல டிவி ஓடுதா?”

“இந்த வீட்டுல இப்ப டிவியே இல்ல. தூக்கிக் குடுத்துட்டேன்.”

“யாரும் அசையாதீங்க,” என்றது குரல். அதே ஏற்றம், அதே இறக்கம்.

அப்போதுதான் என்ன குறைகிறது என்று எனக்குப் புரிந்தது. எட்மண்டுக்குச் சிறுவயதிலிருந்தே மூச்சுத் தொல்லை. எந்த வாக்கியத்துக்கு முன்பும் மூக்கால் சின்னதாக ஒரு மூச்சை இழுப்பார். ஒலிப்பதிவுக்காரர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். எங்களுக்கு அந்த மூச்சுதான் ஹாலம். அது கேட்டால் எங்கள் முதுகு தானாக நிமிரும்.

மாடியில் இருந்த குரலில் மூச்சே இல்லை.

“பழைய வசனத்தக் குடுத்துப் பாக்குறேன்,” என்றாள் ஹேசல். நான் தடுப்பதற்குள் எழுந்து மாடிப்படியின் அடியில் போய் நின்றாள். மேலே பார்த்துச் சொன்னாள். “கேப்டன், வாசல் திறந்திருக்கு.”

பழைய தொடரில் இதைக் கேட்டதும் ஹாலம் தொப்பியை எடுத்துக்கொண்டு, ‘அப்படின்னா நாம ஏற்கெனவே தாமதம்’ என்பார். அந்தப் பதிலைத் தெரியாத ரசிகர் கிடையாது.

மேலேயிருந்து அந்தப் பதில் வரவில்லை.

பிறகு படியின் பலகை ஒன்று முனகியது.

“யாரும் அசையாதீங்க.”

இன்னும் கிட்டத்தில்.

ஹேசல் பின்னோக்கி நடந்து வந்து என்மேல் மோதினாள். “அதுக்குத் தெரியல கிளைவ். அவருக்கு அது தெரியாம இருக்குமா? அது அவரில்ல.”

“அப்ப யாரு?”

அந்த நேரத்தில் இன்னொரு சத்தம் கேட்டது. மாடியில் இல்லை. ரோஸலிண்டின் நாற்காலிக்குப் பக்கத்தில்.

மூச்சு.

மூக்கால் இழுத்த, சின்ன மூச்சு. அதற்குப் பின் ஒன்றும் இல்லை. மறுபடி இழுப்பு. மறுபடி ஒன்றும் இல்லை. ஏதோ சொல்ல வந்து, வந்து, தோற்றுப்போகும் மனிதனின் மூச்சு. ரோஸலிண்டின் தோளில் விழுந்திருந்த நரைமுடி அதில் அசைந்தது.

“இதுதான் என் எட்மண்ட்,” என்றார் ரோஸலிண்ட். கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. “நாள் முழுக்க இப்படித்தான். தண்ணிக்குள்ள முங்குறவர் மாதிரி. ஏதோ சொல்ல வர்றார், வார்த்தை வரல. குரல் மேல இருக்கறதுகிட்ட மாட்டிக்கிச்சு. உங்களுக்கும் கேக்குதுல்ல? எனக்குப் பைத்தியம் இல்லல்ல?”

“கேக்குது,” என்றேன். “வாங்க, இப்பவே கிளம்பலாம். எங்க வீட்டுக்கு வந்துடுங்க.”

“இவர இப்படியே விட்டுட்டா?”

மூச்சு வேகமெடுத்தது. இழுப்பு, இழுப்பு, இழுப்பு.

“நான்தான் அவங்களுக்குக் குடுத்தேன்,” என்றார். “நான்தான் திருப்பி வாங்கணும்.”

அந்த உடம்பில் அவ்வளவு வேகம் இருக்கும் என்று யாரும் நினைத்திருக்க முடியாது. ஹேசல் அவர் கார்டிகனைப் பிடித்தாள். பொத்தான் தெறித்துக் கார்டிகன்தான் கையில் நின்றது. ரோஸலிண்ட் படியேறிக்கொண்டிருந்தார்.

“அவருதக் குடுத்துடு!” என்று கத்தினார். “கேக்குதா உனக்கு? உனக்கு ஒரு குரல்தானே வேணும்? என்னுத எடுத்துக்கோ!”

எரிவாயு அடுப்பு அணைந்தது.

என் காதுக்குப் பக்கத்தில் அந்த மூச்சு ஒருமுறை ஆழமாக இழுத்தது. இந்தத் தடவை அது முடிவு வரை போனது. பின்னாலேயே குரல் வந்தது. எங்களோடு உட்கார்ந்து சாண்ட்விச் தின்ற, கரகரத்த, கிழட்டுக் குரல்.

“ரோசி, வேண்டாம்...”

மாடியில் பொத்தென்று ஏதோ விழுந்தது.

நாங்கள் ஓடினோம். ரோஸலிண்ட் மாடிப்படி முடியும் இடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உயிர் இருந்தது. வாய் அகலத் திறந்திருந்தது. கழுத்து நரம்புகள் கயிறாகப் புடைத்திருந்தன. அவர் அலறிக்கொண்டிருந்தார்.

சத்தம் மட்டும் வரவில்லை.

தொண்டையில் எந்தக் கோளாறும் இல்லை என்றார்கள் மருத்துவர்கள். அதிர்ச்சி, நாளாக நாளாகச் சரியாகும் என்றார்கள். சரியாகவில்லை. எழுதிக் காட்டச் சொன்னால் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், கை நகராது. வீட்டைப் பூட்டப் போன அன்று நான் கூடத்தில் நின்று எட்மண்டைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பலமுறை கூப்பிட்டேன். கடல் இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. மருந்து மிட்டாய் வாடைகூட இல்லை. அவர் விடுபட்டாரா, வேறெங்காவது இழுத்துக்கொண்டு போகப்பட்டாரா, தெரியாது. ஹேசல் முதலாவதை நம்பினாள். நம்பினால்தான் அவளால் தூங்க முடிந்தது.

வசந்த காலத்தில் ஒரு மதியம், ரோஸலிண்டைச் சேர்த்திருந்த முதியோர் இல்லத்துக்குப் போனோம். பொதுக்கூடத்தில் வெயில் நிரம்பியிருந்தது. நாலைந்து கிழவிகள் அரைத்தூக்கத்தில் இருந்தார்கள். ரோஸலிண்டின் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். மூலையில் டிவி. அந்தப் புதுத் தொடரை மறு ஒளிபரப்புச் செய்துகொண்டிருந்தார்கள்.

“இதப் போய் இவங்க முன்னாடி போட்டிருக்காங்களே, அறிவிருக்கா?” என்று ஹேசல் எழுந்தாள், நிறுத்துவதற்கு.

திரையில் ஹாலம் ஏதோ கூரைமேல் ஓடிக்கொண்டிருந்தான். ஓட்டத்தை நிறுத்தினான். முகத்தைத் திருப்பினான். எட்மண்டின் இருபத்தைந்து வயது முகம், எங்களைப் பார்த்து வாயைத் திறந்தது.

வந்தது ரோஸலிண்டின் குரல்.

“ஹேசல், வாயேன். எட்மண்டும் இங்கதான் இருக்கார்.”

ஹேசல் ஓரடி முன்னால் வைத்தாள். அதற்குமேல் அவளால் போக முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்த ரோஸலிண்ட் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து, வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.