இடப்பக்கத் தொட்டி

எஞ்சினின் இடப்பக்கத் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க, டிரைவர் எய்ஃபியன் சுத்தியல் காம்பால் மூன்று இடத்தில் தட்டினான். மேலே கணீர். நடுவில் மந்தம். கீழே செத்த ஒலி. பாதித் தொட்டி. அவன் கையை எடுத்த பிறகு நாலாவதாக ஒரு தட்டு கேட்டது.

"நீயா தட்டினே?"

"எனக்கு ரெண்டு கைதாண்ணே. ரெண்டும் மண்வெட்டியில இருக்கு" என்றான் நெருப்புக்காரன் கெத்தின்.

பென்கார்த் வளைவில் கைகாட்டி இறங்காமல் அரை மணியாக நிற்கிறார்கள். பின்னால் காலி நிலக்கரிப் பெட்டிகள். பள்ளத்தாக்கு முழுக்கக் காலையிலிருந்தே மூடுபனி. சூடான எண்ணெயும் ஈரக் கம்பளியும் கரிப்புகையும் கலந்த வாடை எங்கும் போகாமல் அவர்களைச் சுற்றியே கிடந்தது.

"இது ரெண்டாம் நம்பர்தானே?"

"நம்பர் மட்டுந்தாண்ணே ரெண்டு. ஆறு எஞ்சினும் ஒரே அச்சு. பட்டறையில எதோட தொட்டியை எதுல மாட்டுறான்னு எவன் கேக்கப் போறான்? போன மாசம் நாலாம் நம்பரைப் பிரிச்சுக் கூறு போட்டுட்டானுங்க."

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான். "சிக்னல் கேபினுக்குப் போய் நாம நிக்கிறதை ஞாபகப்படுத்திட்டு வரேண்ணே. அந்தக் கிழவன் தூங்கியிருப்பான்." அவசரமாக இறங்கினான். பத்தடியில் பனி அவனை விழுங்கிவிட்டது.

எய்ஃபியன் தனியாக நின்றான்.

நாலாம் நம்பரின் தொட்டியில் துருவைச் சுரண்டத்தான் போன குளிர்காலத்தில் தம்பி இத்தெல் உள்ளே இறங்கினான். உள்ளே ஆள் இருந்தால் பிரேக் பிடியில் தொப்பி தொங்கும். இறங்கியவனே வந்து எடுக்கும்வரை அந்த எஞ்சினை யாரும் தொடக்கூடாது. அதுதான் கொட்டகையின் வழக்கம். இத்தெல் மறதிக்காரன், வாரம் ஒருமுறையாவது தொப்பியை விட்டுவிட்டுப் போவான், அண்ணன்தான் எடுத்துக்கொண்டுபோய்க் கொடுப்பான். அன்றும் எடுத்தான். தம்பி வேலை முடித்து டீக்குப் போயிருப்பான் என்று நினைத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, தண்ணீர்க் குழாயைத் தொட்டியின் மேல்துளைக்குள் இறக்கித் திருப்பிவிட்டான். விழுகிற தண்ணீரின் இரைச்சலில் வேறொன்றும் கேட்கவில்லை. நிரம்பியதும் மூடியைச் சாத்தினான்.

தம்பி மனைவி மாப்லியிடம், "வழுக்கி விழுந்து மண்டையில அடிம்மா. தண்ணி வந்ததே அவனுக்குத் தெரியாது" என்று சொன்னான். அதைத்தான் பதினோரு மாதமாகத் தனக்கும் சொல்லிக்கொண்டு வருகிறான். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் ராத்திரியில் கண்ணை மூடுகிறான்.

தொட்டிக்குள் ஏதோ உரசியது. தகட்டில் நகம் படுகிற மாதிரி. நிற்கும். மறுபடி உரசும்.

"இத்தெல்?"

உரசல் வேகமானது.

வலப்பக்கத் தொட்டிக்குப் போகும் குழாயை அடைத்தான். இடப்பக்கத்து வடிகுழாயை முழுக்கத் திறந்தான். துருநிறத் தண்ணீர் சல்லிக்கல்லில் கொட்டியது. "இருடா, இதோ, இதோ" என்று முனகிக்கொண்டே நின்றான். கொட்டுவது சொட்டானது. சொட்டும் நின்றது. உள்ளே உரசல் நிற்கவில்லை.

விளக்கை எடுத்துக்கொண்டு தொட்டியின் மேல் ஏறினான். மூடியைத் திறந்தான். குளிர்ந்த இரும்பு வாடை முகத்தில் அடித்தது. விளக்கைத் துளைக்குள் இறக்கித் தலையை நுழைத்துப் பார்த்தான்.

யாரும் இல்லை.

மேல்தகட்டின் உட்புறம் மட்டும், அந்தக் கோடியிலிருந்து இந்தத் துளைவரை, துரு கோடு கோடாகப் பெயர்ந்திருந்தது. ஐந்து ஐந்தாக. இருட்டில் வழி தெரியாமல் சுற்றிய கோடுகள். திரும்பி வந்த கோடுகள். ஒன்றின்மேல் ஒன்றாக, நூறு தடவை.

உடனே சாகவில்லை. எல்லாம் தெரிந்தே கிடந்திருக்கிறான்.

"மன்னிச்சுடுடா" என்றான் எய்ஃபியன்.

தொட்டியின் கோடியில் புதிதாக ஐந்து கோடுகள் விழுந்தன. துரு உதிர்ந்தது. விரல் இல்லை, கை இல்லை, கோடுகள் மட்டும். மெதுவாக, தடவித் தடவி, அவனை நோக்கி வந்தன.

துளையின் விளிம்பைப் பிடித்திருந்த கையை அவன் எடுக்கவில்லை.

ஒரு சாண். அரைச் சாண்.

ஈரமான ஐந்து விரல்கள் அவன் விரல்களைக் கண்டுபிடித்து, இறுகப் பற்றிக்கொண்டு, உள்ளே இழுக்கத் தொடங்கின.