இரண்டாவது எண்ணிக்கை

"கையை எடுங்க மேடம்... அது என் வாளி."

ஐப்பசி மழை கட்டுமாவடி மீன் மார்க்கெட்டின் தகரத்தை அடித்துக்கொண்டிருந்தது. அன்புமொழி வாளியை விடாமல் நிமிர்ந்தாள். எதிரே ஒருத்தன். நனைந்த தலை... நெற்றியில் ஒட்டிக்கிடந்த ஒரு மீன் செதில்... அதற்குக் கீழே தூக்கம் கெட்ட இரண்டு கண்கள். கெஞ்சத் தெரியாத கண்கள்.

"நேத்தே சொல்லி வச்சிருக்கேன்" என்றான்.

"நான் போன வாரமே சொல்லிட்டேன்."

வாளியில் இருந்தது கத்தாழை மீன் அரிந்த கழிவு. தலையும் குடலும். அரிவாள்மனையில் உட்கார்ந்திருந்த செவந்தி இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"இதுக்கு நாய்தான் அடிச்சுக்கும். இன்னைக்குப் படிச்சதுக அடிச்சுக்குதுக... ஏ ஆத்தா, ஒனக்கு எது வேணும்?"

"தலை."

"ஒங்களுக்குய்யா?"

"கொடலு."

"அப்பறம் என்ன எழவுக்குச் சண்ட? அங்கிட்டு உக்காந்து பிரிச்சுக்கங்க. ஏவாரத்தைக் கெடுக்காதீங்க!"

பிரித்துக்கொண்டார்கள். அவன் பெயர் ஜெரால்டு. ஆவூர்க்காரன். மீன் எதைத் தின்கிறது என்று ஆராய்பவன். அவள் ஆராய்வது மீனின் வயசை. கத்தாழைத் தலைக்குள் இரண்டு வெள்ளைக் கல் இருக்கும். அறுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால், வெட்டின மரத்தில் தெரிவதுபோல வளையம் தெரியும். ஒரு வளையம், ஒரு வயசு.

"ஒரே கல்லை ரெண்டு பேர் எண்ணணும். ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் பாக்கக் கூடாது" என்றாள்.

"ஒங்களுக்கு ரெண்டாவது ஆளு யாரு?"

ரெண்டு வருசமாக எண்ணிக் கொடுத்த தோழி, அன்புமொழியின் நோட்டைப் பார்த்து அப்படியே எழுதி வந்தது போன வாரம்தான் தெரிந்திருந்தது.

"நீங்க எண்ணித் தர்றீங்களா? எனக்கு ஆமாம் போடுற ஆளு வேண்டாம்."

"ஆமாம் போட வராதுங்க எனக்கு. அதுலதான் ரெண்டு எடத்துல வேலை போச்சு."

மணமேல்குடியில் வாடகைக்கு எடுத்த ஆய்வு அறை. ஒரு மேசை, ஒரு மைக்ராஸ்கோப், பூட்டுப் போட்ட இரண்டு டப்பாக்கள். அவள் எண்ணி எழுதிப் பூட்டுவாள். அவன் எண்ணி எழுதிப் பூட்டுவான். கருங்கல் குவாரியில் ஜல்லி சுமந்து மகளைப் படிக்கவைத்த சொர்ணத்தின் பிள்ளை அவள்... மெச்சிப் பேசுகிறவர்களை நம்ப மாட்டாள். இவன் மெச்சவே இல்லை. அது பிடித்திருந்தது. அவன் எழுதினதைத்தான் பார்க்கக் கூடாது. அவனைப் பார்க்கக் கூடாது என்று விதி எதுவும் இல்லையே...

பங்குனி பிறந்த அன்று டப்பாக்களைத் திறந்தார்கள். இருநூறு கல். அதில் எழுபத்து மூன்றில், அவளுடைய எண்ணிக்கையைவிட அவனுடையது ஒன்று குறைவு.

"மையத்தை ஒட்டி இருக்கிறது வயசு இல்லைங்க. குஞ்சா இருக்கப்பப் பட்டினி கெடந்தா விழுற கோடு. பொய் வளையம்."

"அஞ்சு மாசமா எண்ணுறவரு... ஏழு வருசமா எண்ணுறவளுக்குச் சொல்றீங்களா?"

"கல்லு சொல்லுது. நான் சொல்லல."

அந்த ஒரு வளையத்தின் மேல்தான் அவள் பெயரில் வந்த முதல் கட்டுரை நின்றது. அது விழுந்தால் ஆய்வுப் பட்டம் தள்ளிப்போகும். மாத உதவித்தொகை நின்றுபோகும். சொர்ணம் மறுபடி கூடை தூக்க வேண்டும். அவள் ஆய்வை மேற்பார்க்கிற கைடு போனில் சுலபமாகச் சொன்னார்: "ஆளை மாத்தும்மா. வேற யாரையாவது எண்ணச் சொல்லு."

மறுநாள் அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "நீங்க இனிமே வர வேணாங்க."

அவன் சாவியை மேசையில் வைத்தான். வாசல்வரை போனவன் நின்றான்.

"நீங்க என்ன எழுதியிருப்பீங்கன்னு எனக்குத் தெரியும். அஞ்சு மாசம் பக்கத்துல இருந்திருக்கேன்... அதையே எழுதியிருந்தா இன்னும் கொஞ்ச நாள் இங்கயே இருக்கலாம்னும் தெரியும்." செருப்பை மாட்டினான். "கை வரலங்க."

போய்விட்டான். அவள் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். ஒன்றும் தெரியவில்லை... கண்ணில் தண்ணீர் நின்றது.

கல் போட்டு எண் எழுதி வைத்திருந்த இருநூறு கவர்களையும் எண் தெரியாமல் தாள் ஒட்டி மறைத்தாள். கலைத்துப் போட்டாள். முதலிலிருந்து எண்ணினாள். பதினெட்டு நாள். மறைத்த தாளைக் கிழித்துப் பார்த்தபோது எழுபத்து மூன்றில் எழுபதில் அவன் சொன்னதுதான் சரி.

சித்திரை. விசைப்படகுக்குத் தடைக்காலம். மார்க்கெட்டில் பாதி மேடை காலி. கோடை மழை ஒன்று திடீரென்று இறங்கியது. செவந்தி அருகில் அவன் குடல்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

"வந்துட்டாய்யா ஒன் தலைக்காரி" என்றாள் செவந்தி.

அவன் எழுந்து நின்றான்.

"நான் எண்ணுனது தப்பு" என்றாள் அன்புமொழி. "கட்டுரை தப்புன்னு அந்தப் பத்திரிகைக்கு எழுதிட்டேன். ஒங்க பேரையும் போட்டு."

"உதவித்தொகை?"

"நின்னுரும். பள்ளிக்கூடப் புள்ளைகளுக்கு டியூசன் எடுப்பேன். எங்கம்மா வைஞ்சுச்சு... வைஞ்சுட்டு, பொய்யில வந்த சோறு வேணாம்னுருச்சு."

அவன் தலை குனிந்தான். பையிலிருந்து இரண்டு துண்டுத் தாளும் பேனாவும் எடுத்தாள்.

"ஒன்னு கேக்கணும். வாயால சொல்ல வராது... ஒருத்தரை ஒருத்தர் மனசுல வச்சு எத்தனை மாசம் ஆச்சு? நீங்க எழுதுங்க. நானும் எழுதுறேன். பாக்கக் கூடாது."

எழுதினார்கள். மாற்றிக்கொண்டார்கள்.

அவன் எழுதியிருந்தது ஆறு. அவள் எழுதியிருந்தது ஒன்று... அவனைப் போகச் சொன்ன நாளிலிருந்து.

அவன் ரொம்ப நேரம் அந்தத் தாளைப் பார்த்தான். "இதுலயும் வித்தியாசம்" என்றான் மெதுவாக. "இன்னொரு தடவை எண்ணிப் பாருங்களேன்..."

மழை தகரத்தில் இரைந்தது. அவள் எண்ணினாள். பூட்டின டப்பாக்கள்... கெஞ்சாத அந்தக் கண்கள்... வாளியை இழுத்த கை... நெற்றியில் ஒட்டிக்கிடந்த ஒற்றைச் செதில். அந்தச் செதிலை இத்தனை நாள் அவள் எதற்காக ஞாபகம் வைத்திருந்தாள்?

அவன் கையிலிருந்த தன் தாளை வாங்கினாள். ஒன்றை அடித்தாள். ஆறு என்று எழுதினாள்.

"ஒங்களதைப் பாத்து எழுதலங்க" என்றாள் கண் கலங்க. "எண்ணித்தான் எழுதினேன்."